அரண்மனைக் கூரையில் பிள்ளை பெற்றவர்கள்

வெகு காலத்துக்கு முன்னே கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் இளவேங்கையன். நல்லவன்தான், ஆனால் மனம் நிலையில்லாதவன். காலையில் ஒருவனுக்கு முத்துமாலை போடுவான். மாலையில் அதே ஆளைப் பார்த்து, "உன்னை யார் உள்ளே விட்டது?" என்பான்.

அவனுக்கு ஆதிரையன் என்று ஓர் அமைச்சர். அந்தப் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தார் படைக்குத் தலைவரான தண்டநாயகர் கரிகண்டன். மீசையும் குரலும் பெரிசு.

பல வருஷம் ஏங்கிய பிறகு அரசி பூங்கோதைக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தூங்கும் அறையின் கூரைக்குள் வௌவால்கள் குடியிருந்தன. ஒருநாள் தொட்டிலைக் குனிந்து பார்த்த அரசனின் தலையில் எச்சம் விழுந்தது. வந்ததே கோபம்!

"இன்றைக்கே இதற்கொரு முடிவு கட்டுங்கள்!"

"இதோ, மன்னா!" என்று ஓடினார் கரிகண்டன். உச்சிவேளையிலேயே கூரைச் சுவரில் இருந்த பொந்தைச் சுண்ணாம்புச் சாந்து பூசி அடைத்துவிட்டார். பகலில் வௌவால் உள்ளேதான் தூங்கும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

பொழுது சாய்ந்தது. இரை தேடக் கிளம்பிய வௌவால்களுக்கு வழி இல்லை. மரச்சட்டங்களின் இடுக்கு வழியாகப் பொலபொலவென்று அரசியின் அறைக்குள்ளேயே இறங்கிவிட்டன. தோழிகள் அலறினார்கள். அரசன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தான். அங்கே அவனுக்கு முன்பே கரிகண்டன் இருந்தார்.

சத்தம் கேட்டு வந்த ஆதிரையன், "விளக்குகளை அணையுங்கள். சாளரங்களை எல்லாம் திறவுங்கள். யாரும் அசையாதீர்கள்" என்றார். சற்று நேரத்தில் வௌவால்கள் ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டன.

"தப்பித்தோம்!" என்று அரசன் வெளியே வந்து, குழந்தையை அரசியிடம் கொடுத்துவிட்டு, களைப்பில் அப்படியே படுத்துவிட்டான். ஆனால் கூரைக்குள்ளிருந்து கீச்கீச்சென்று மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே போனவையும் அடைத்த பொந்தையே சுற்றிச்சுற்றி வந்தன.

"அது என்ன சத்தம், அமைச்சரே?" என்று கேட்டாள் அரசி.

"குட்டிகள், தாயே. இன்னும் பறக்கத் தெரியாதவை. தாய்கள் வெளியே மாட்டிக்கொண்டன."

அரசி தன் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பொந்தைத் திறந்துவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்" என்றாள்.

ஆதிரையன் ஏணி வைத்து ஏறினார். சாந்தை உடைத்தார்.

கரிகண்டனுக்கு வேறென்ன வேண்டும்? மறுநாள் சபையில் எழுந்தார். "அரசே! உங்கள் ஆணைப்படி நான் அடைத்ததை இவர் உடைத்தார். இது ராஜதுரோகம்!"

அரசன் முகம் சிவந்தது. "உண்மையா, ஆதிரையரே?"

"உண்மைதான், அரசே. உங்கள் ஆணையைக் காப்பாற்றவே உடைத்தேன்."

"எந்த ஆணையை?"

"இளவரசி பிறந்த அன்று மகிழ்ச்சியில் முரசறையச் சொன்னீர்களே! 'பிள்ளை பெற்றவளை, அந்தப் பிள்ளை நடக்கும் வரை, குடியிருக்கும் வீட்டைவிட்டு யாரும் வெளியேற்றக் கூடாது' என்று?"

"அது மனிதர்களுக்கு!" என்று கத்தினார் கரிகண்டன்.

"முரசில் அப்படிச் சொல்லவில்லையே, தண்டநாயகரே. வௌவால் முட்டையா இடுகிறது? பிள்ளை பெற்றுப் பாலூட்டுகிறது."

"சரி, வௌவால் குட்டி என்றைக்கு நடக்கும்?" என்று மடக்கினார் கரிகண்டன்.

"நடக்கும் வரை என்றால் அவை காலமெல்லாம் அங்கேயே இருக்கலாம். அரசர்மேல் உள்ள மரியாதையால், பறக்கும் வரை போதும் என்கிறேன்."

சபை சிரித்தது. அரசனும் சிரித்தான். ஆனாலும் வீம்பு விடவில்லை. "குட்டிகள் பறக்கட்டும். அப்புறம் ஒன்றுகூட இங்கே இருக்கக் கூடாது. அடிக்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாது, புகை போடவும் கூடாது. முடியாவிட்டால் உம் பதவி கரிகண்டனுக்கு!"

கரிகண்டன் அன்றைக்கே புது அங்கவஸ்திரம் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆதிரையன் அவசரப்படவில்லை. முதலில் குளக்கரையில் பாழடைந்து கிடந்த மண்டபத்துக்குள், வௌவால்கள் தொங்குவதற்கு வசதியாக இடுக்கு விட்டுப் பலகைகளை அடிக்கச் செய்தார். குட்டிகளும் தாயோடு பறக்கத் தொடங்கிய பிறகு, மற்ற சந்துகளை எல்லாம் அடைத்து, அந்த ஒரு பொந்தின்மேல் மட்டும் ஒரு வலைத்துணியைத் தொங்கவிட்டார். மேலேயும் இரு ஓரங்களிலும் ஆணி. கீழ்ப்பக்கம் தளர்வு.

"வௌவாலுக்குத் திரைச்சீலையா!" என்று கேலி செய்தார் கரிகண்டன்.

மாலையில் வௌவால்கள் துணிக்கு அடியில் நழுவி வெளியே பறந்தன. திரும்பி வந்தவை நேராகப் பொந்துக்கே வந்தன. துணிதான் தட்டுப்பட்டது. கீழே புகுந்து ஏறத் தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, குளக்கரை மண்டபத்துக்குப் போய்விட்டன. சில நாள் பொறுத்து, கூரைக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை என்று பார்த்துக்கொண்டு, பொந்தை அடைத்தார் ஆதிரையன். ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

அரசன் சிங்காதனத்தைவிட்டு இறங்கி வந்து அமைச்சரின் கைகளைப் பிடித்துக்கொண்டான். "என் பெண் நிம்மதியாகத் தூங்குகிறாள். அவள் தாயும் தூங்குகிறாள். இதற்கு என்ன கொடுத்தாலும் ஈடாகாது. நன்றி, ஆதிரையரே" என்றான். பிறகு திரும்பினான். "கரிகண்டரே! கட்டிலுக்கு அடியில் எனக்கு முன்பே இடம் பிடித்த வீரர் நீர். உம்மை என்ன செய்யலாம்?"

தண்டநாயகரின் மீசை தொங்கிவிட்டது.

"தண்டிக்க வேண்டாம், அரசே. ஊரில் எத்தனையோ வீடுகளில் இதே தொல்லை. துணி கட்டும் வேலையை அவரிடம் கொடுங்கள்" என்றார் ஆதிரையன்.

கரிகண்டன் முணுமுணுத்துக்கொண்டே ஏணியோடு தெருவில் இறங்கினார். கொஞ்ச நாள் கழித்து அமைச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் கோபமா, தண்டநாயகரே?"

"இல்லை. எத்தனையோ ஊர்களுக்குள் படையோடு போயிருக்கிறேன். எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இன்றைக்கு ஒரு வீட்டில் துணி கட்டி இறங்கினேன். அந்த அம்மாள் ஒரு செம்பு மோர் கொடுத்து, 'நீ நல்லா இருக்கணும் ராசா' என்றாள்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதை உங்களிடம் சொல்லத்தான் வந்தேன்."