தாழைத்திட்டில் கூடிய சபை

உப்பங்கழி கடலோடு சேரும் இடத்தில் சில தீவுகள் இருந்தன. நடுவில் பெரியதீவு. அங்கே நல்ல தண்ணீர்க் குளமும், ஒரு பெரிய ஆலமரமும், மேய்ச்சல் நிலமும் உண்டு. சுற்றிலும் சின்னச் சின்னத் திட்டுகள். எல்லாவற்றுக்கும் கடைசியில், திறந்த கடலைப் பார்த்தபடி கிடந்தது தாழைத்திட்டு.

இந்தத் தீவுகளைக் காப்பதற்கு விலங்குகள் ஒரு சபை வைத்திருந்தன. கரை உடைந்தால் அடைப்பது, குளத்தைத் தூர் வாருவது, புயல் வருவதற்குள் எல்லாரையும் மேட்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் சபையின் பொறுப்பு. கயலி என்ற நீர்நாய் அப்போது சபைத் தலைவியாக இருந்தாள். நன்றாக நீந்துவாள். யாரிடமும் முகம் சுளிக்கமாட்டாள். அதனால் எல்லாத் தீவுக்காரர்களும் சேர்ந்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கயலி உண்மையாகத்தான் உழைத்தாள். விடிந்ததும் ஆலமரத்தடியில் வந்து உட்காருவாள். குளக்கரையில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று எருமைகள் சண்டை போடும். கிழங்கைப் பன்றி தோண்டிவிட்டது என்று முள்ளம்பன்றி முறையிடும். எல்லாவற்றையும் கேட்டுத் தீர்த்து வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தீவுகளின் நிர்வாகம் நன்றாக நடக்கிறது என்றே அவள் நம்பினாள்.

ஒருநாள் தாழைத்திட்டிலிருந்து ஆலாப் பறவை ஒன்று வந்தது. கடல் தங்கள் கரையை அறுத்துக்கொண்டு போகிறது, சபை வந்து அடைத்துத் தரவேண்டும் என்று கேட்டது. மழைக்காலம் முடியட்டும் என்றது சபை. மழை முடிந்ததும் ஆலா மறுபடியும் வந்தது. குளம் தூர் வாரி முடியட்டும் என்றார்கள். அடுத்த முறை வந்தபோது ஆலா கீழே இறங்கவே இல்லை. ஆலமரத்துக்கு மேலே வட்டமிட்டபடியே பேசியது.

"தலைவியம்மா, இனி நான் தூது வரமாட்டேன். திரும்பிப் போனதும் முயல்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, சபை என்ன சொன்னது என்று கேட்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை."

சொல்லிவிட்டு அது பறந்து போயிற்று. கயலிக்கு அன்று வேறு எந்த வழக்கும் காதில் ஏறவில்லை. சபையைக் கலைத்துவிட்டு, தனியாகத் தண்ணீரில் இறங்கித் தாழைத்திட்டுக்கு நீந்திப் போனாள்.

போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. கரைமண்ணை வேரால் பிடித்து நின்றிருந்த கண்டல் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அவை இருந்த இடத்தில் ஒரு பெரிய உடைப்பு. அது வழியாக அலை உள்ளே வந்து வந்து போனது. தும்பை என்ற முயல் அவளைத் தீவைச் சுற்றிக் காட்டினாள். கடல் நெருங்க நெருங்கத் தன் குட்டிகளோடு புதருக்குப் புதர் மாறிக்கொண்டே வந்ததாகச் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை.

"இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போகக் கூடாதா, தும்பை?" என்று கயலி கேட்டாள்.

"இதற்கு மேல் தள்ளிப் போனால் அந்தப் பக்கத்துக் கடல்தான் அம்மா" என்றாள் தும்பை.

கயலி தலை குனிந்தாள். தலைவர் தேர்தலின்போது ஆதரவு கேட்க இந்தத் தீவுக்கு வந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

மறுநாள் சபையில் தான் பார்த்ததை எல்லாம் சொன்னாள். எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் தாழைத்திட்டின் உடைப்பை அடைப்போம் என்றாள். சபையில் இருந்தவர்கள் எல்லாரும் பெரியதீவுக்காரர்கள். செம்பன் என்ற நரிதான் அவர்களில் பேச்சு வல்லவன். அவன் மரியாதையாகவே பேசினான். அங்கே இருப்பது சில முயல்களும் நண்டுகளும். அவ்வளவு பேருக்காக இத்தனை பேர் உழைப்பதைவிட அவர்களை இங்கே குடிவைத்துவிடலாமே என்றான். இங்கே இருக்கிற புல் இங்கே இருப்பவர்களுக்கே போதவில்லை என்று கரியன் என்ற காட்டுப்பன்றி உறுமினான். அப்படியானால் முயல்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்றான் செம்பன். மழையில் சேறாகும் ஆலமரத்தடியை மேடாக்கித் தரவேண்டும் என்று மயில் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கே கைகள் உயர்ந்தன. கயலி தோற்றுப்போனாள்.

அன்று அவளுக்கு மீன் இறங்கவில்லை. முதலில் சபையின் மேல் கோபம் வந்தது. யோசிக்க யோசிக்க அது அடங்கியது. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த உடைப்பைப் பார்க்கும்வரை தானும் இவர்களோடு சேர்ந்துதானே தலையாட்டினாள்! அவள் கண்ணால் பார்த்துத்தானே மாறினாள்?

சபை எங்கே கூடவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை தலைவிக்கு உண்டு. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. கயலி பயன்படுத்தினாள். வரும் அமாவாசையன்று சபை தாழைத்திட்டில் கூடும் என்று அறிவித்தாள். எதையும் மறைக்கவும் இல்லை. கடல் வற்றும்போது மணல்வழி தெரியும், நடந்து போகலாம். கடல் ஏறிவிட்டால் அது மூழ்கிவிடும், மறுபடி வற்றும்வரை அங்கேதான் இருக்கவேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அங்கே சாப்பிட என்ன கிடைக்கும் என்று மட்டும் கரியன் கேட்டான்.

அமாவாசையன்று காலையில் எல்லாரும் மணல்வழியே பேசிச் சிரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். தாழம்புதர்களின் நடுவே சபை கூடியது. ஆலமரத்தடி மேட்டுக்கு மண் எங்கே எடுப்பது என்பதுதான் அன்றைய முதல் பேச்சு. செம்பன் எழுந்து பேச ஆரம்பித்தான்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே கடல் ஏறத் தொடங்கியது. முதலில் மயிலின் தோகை நனைந்தது. எல்லாரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் கரியனின் கால் நனைந்தது. மறுபடியும் தள்ளி உட்கார்ந்தார்கள். இன்னும் ஒருமுறை நகரலாம் என்று செம்பன் திரும்பிப் பார்த்தான். பின்னாலும் தண்ணீர் தெரிந்தது. வந்த மணல்வழியைக் காணவில்லை.

"எங்களை மூழ்கடிக்கவா இங்கே கூட்டி வந்தீர்கள்?" என்று செம்பன் கத்தினான்.

"இல்லை செம்பா. இன்றைக்கு யாரும் மூழ்கமாட்டோம். ஆனால் நமக்கு இது ஒரு நாள். இங்கே இருப்பவர்களுக்கு ஒவ்வொரு அமாவாசையும் இதுதான்."

கயலி சொல்லி வாய் மூடுவதற்குள், அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிய அலை ஒன்று உடைப்பு வழியாகப் பாய்ந்தது. தாழம்புதரின் அடியில் தும்பையின் குட்டிகள் படுத்திருந்த பள்ளம் நொடியில் நிரம்பியது. தும்பை பாய்ந்து ஒரு குட்டியை இழுத்தாள். கயலி மூழ்கி இன்னொன்றைத் தூக்கினாள். மூன்றாவது குட்டியை அலை இழுத்துக்கொண்டு உடைப்பை நோக்கிப் போனது. கயலியின் வாயில் ஒரு குட்டி இருந்தது. அதை விடவும் முடியாது, மூன்றாவதைத் துரத்தவும் முடியாது.

குட்டி போன வழியில் நின்றிருந்தவன் செம்பன்தான். அவன் ஒரே தாவலில் தண்ணீரில் விழுந்து அதைக் கவ்விப் பிடித்தான்.

நரியின் வாயில் முயல்குட்டி தொங்கியது. தும்பை அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். செம்பன் தட்டுத்தடுமாறிக் கரையேறினான். மேடாக ஓர் இடம் தேடினான். அந்தத் தீவில் அப்படி ஓர் இடம் கிடைக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் சாய்ந்து கிடந்த ஒரு கண்டல் மரத்தின் மேல் ஏறி, குட்டியை மெதுவாகக் கிடத்தினான். அது தும்மியது. பிறகு கீச்சிட்டது.

"இதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை" என்றான் செம்பன். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

குட்டிகளைப் பள்ளத்தில் விட்டுவைத்துச் சபை கூட்டியது தன் தவறு என்று பிறகு கயலி தும்பையிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். நீங்கள் வராத நாட்களிலும் அவர்கள் அந்தப் பள்ளத்தில்தானே கிடந்தார்கள் என்றாள் தும்பை.

கடல் வற்றியதும் மணல்வழி மறுபடி தெரிந்தது. ஆனால் செம்பன் கிளம்பவில்லை. உடைப்பின் அருகே போய் அங்கும் இங்கும் நடந்து பார்த்தான். பிறகு, கண்டல் நாற்று நட எவ்வளவு ஆழம் தோண்டவேண்டும் என்று கரியனைக் கேட்டான். கரியன் மூக்கைச் சேற்றில் செருகித் தோண்ட ஆரம்பித்தான். நீர்நாய்கள் சிப்பியும் கல்லும் உருட்டி வந்தன. எருமைகள் பெரியதீவிலிருந்து மரக்கட்டைகளை இழுத்து வந்தன. மயில்கூட அலகில் நாற்றுச் சுமந்தது, தோகை பாழாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே.

போன நிலம் திரும்பவில்லை. தாழைத்திட்டின் ஒரு மூலையைக் கடல் தனக்கென்று எடுத்துக்கொண்டது. மீதி நின்றது. அடுத்த மழைக்காலத்தில் கடும் காற்று வீசியபோது அலைகள் கல்லில் மோதித் திரும்பின. இளங்கண்டல்கள் வளைந்தன, ஒடியவில்லை. தும்பையின் குட்டிகள் அதே புதரடியில் நனையாமல் உறங்கின.

அதற்குப் பிறகு சபை ஒவ்வொரு தீவிலும் முறை வைத்துக் கூடியது.

ஆபத்து இருக்கும் இடத்தில் தன் காலை வைத்துப் பார்க்காதவர் எடுக்கும் முடிவு, எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் யாரையும் காப்பாற்றாது.