பாட்டு முடிந்த பிறகு ஒரு மூச்சு

இருபத்திரண்டு வயதுப் பாடகிக்கு ‘சிறந்த பாடல்கள்’ என்று ஒரு தொகுப்பு வந்தால் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்குமா? ரெனிட்டாவின் தொகுப்பு வந்த வாரமே எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். தொகுப்பு போடலாம் என்று ஆசைப்பட்டது பாட்டுக் கம்பெனி. திட்டு வாங்கியது ரெனிட்டா. இந்தத் தொழிலில் அது எப்போதும் அப்படித்தான்.

அன்றிலிருந்து அவள் பாடவில்லை. அடுத்த பாட்டுக்காகப் பிடித்து வைத்திருந்த ஸ்டூடியோவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். குளிக்கும்போதுகூட அவள் முணுமுணுப்பதில்லை என்று அவள் அம்மா கவலைப்பட்டார்.

ஒரு சனிக்கிழமை, பெரம்பூரில் இருக்கும் பிளாரன்ஸ் டீச்சர் வீட்டுக்குப் போனாள். சிறுமியாக இருந்தபோது அவளைச் சர்ச் கொயரில் சேர்த்துக் குரல் பழக்கியவர் அவர்தான். டீச்சர் மறுநாள் ஆராதனைக்காகக் கொயரின் வெள்ளை அங்கிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர், நான் முடிஞ்சுட்டேனா?”

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். பதில் சொல்லுங்க.”

“என்ன எழுதியிருக்காங்கன்னு படி. நான் எதுவும் பாக்கல.”

ரெனிட்டா போனை எடுத்துப் படித்தாள். “‘இலையில் சோறு விழும் முன்பே பாயசம் ஊற்றிவிட்டார்கள்.’”

டீச்சர் சிரித்துவிட்டார். “நல்லா எழுதியிருக்கான். அடுத்தது?”

ஆறுதல் தேடி வந்தவளுக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் படித்தாள். “‘பன்னிரண்டு பாட்டில் ஐந்து தேறும்.’”

“எந்த அஞ்சு?”

“அத சொல்லல.”

“சொல்லியிருந்தா சண்டையாவது போடலாம். அடுத்தது?”

“‘குரலில் குறை என்று ஒன்றுமே இல்லை. இனி இவர் எட்டுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?’” அவள் போனிலிருந்து நிமிர்ந்தாள். “இதுதான் டீச்சர் என்னைத் தூங்க விடல.”

“அது பாராட்டுதானேம்மா?”

“பாராட்டுதான். ஆனா ஃபோட்டோவுக்கு மாலை போட்டு மாட்டிட்ட மாதிரி இருக்கு.”

டீச்சர் இஸ்திரி போட்ட அங்கியை மடித்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து விரித்தார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றாள் ரெனிட்டா. “‘தொகுப்பில் ஒரே ஒரு புதுப் பாட்டு, கடைசியில் வருகிறது. பாட்டு முடிந்து வாத்தியம் எல்லாம் அடங்கிய பிறகு பாடகி மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறது. படு அலட்சியம்.’”

“கேக்குதா நெஜமா?”

“கேக்குது. கம்பெனியில அந்த இடத்தை வெட்டிட்டு ஆன்லைன்ல மாத்திப் போடலாமான்னு கேக்குறாங்க. இன்னைக்குப் பதில் சொல்லணும். வெட்டச் சொல்லிட்டு, அப்படியே இனிமே பாடலன்னும் சொல்லிடலாம்னு இருக்கேன்.”

டீச்சர் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார்.

“ஏன் இழுத்த?”

“தெரியல.”

“அதுக்கப்புறம் வரி இருந்துச்சா?”

“இல்ல டீச்சர். பாட்டு முடிஞ்சிடுச்சு.”

“பாடு, பாப்போம்.”

“என்னால முடியாது.”

“முழுசா யாரு கேட்டா? கடைசி வரி மட்டும் பாடு.”

டீச்சர் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, விலாவின் கீழ்ப்பக்கம் உள்ளங்கையை வைத்தார். கொயரில் மூச்சு பழக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கிற கைதான். இஸ்திரிச் சூடு அதில் இன்னும் இருந்தது.

ரெனிட்டா பாடினாள். பல நாள் பாடாத குரல் நடுவில் ஓரிடத்தில் கரகரத்தது. எப்படியோ வரியை முடித்தாள். டீச்சர் கையை எடுக்கவில்லை.

கைக்கு அடியில் விலா விரிந்தது.

“இப்ப ஏன் இழுத்த?”

“நான் இழுக்கல. அதுவா வருது.”

“இன்னொரு வாட்டி பாடு.”

மறுபடியும் பாடினாள். இந்த முறை இழுக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது. டீச்சர் காத்திருந்தார். கடைசியில் தாங்க முடியாமல் இழுத்தாள். முன்பு இழுத்ததைவிடப் பெரிய சத்தம். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்போது போன் அடித்தது. கம்பெனிதான். எடுக்காமல் டீச்சரைப் பார்த்தாள்.

“என்ன சொல்லட்டும் டீச்சர்? அது தப்புதானே?”

“தப்புதான்,” என்றார் டீச்சர். “அடுத்த பாட்டுக்கு மூச்ச இழுத்துட்ட. அப்புறம் பாடாம நின்னுட்டியே.”