பின் சீட்ல ஒரு குரல்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு, "இது எங்க அம்மா இல்ல"ன்னு சொல்லிட்டு கார் கதவை டமால்னு சாத்துச்சு. ராஜா எப்ப வருவார்னு கேக்காத பாப்பா, ராஜாலாம் கிடையாது. ஒரு பழைய ஃபியட் டாக்ஸி, அதை ஓட்டற ரொசாரியோ, அவர் மக செல்சியா. அவ்ளோதான். ம் சொல்லு.

ம்.

அம்மா குவைத்ல. ஒரு வீட்ல சமைக்கப் போயி மூணு வருஷம். அங்க போன் பேச விட மாட்டாங்க. அதனால ஒரு கேசட்ல பேசி, ஊருக்கு வர்ற ஆள்கிட்ட குடுத்து விட்டாங்க. கேசட் போட கார்ல மட்டும்தான் வழி. போட்டா கர்ர்ர், புர்ர்ர், நடுவுல யாரோ பொம்பளை. அம்மா போறப்ப செல்சியாவுக்கு மூணு வயசு, குரல் எப்படி ஞாபகம் இருக்கும்? ரொசாரியோவுக்கு அதான் பயம். அம்மா திரும்பி வர்றப்ப மக யாரோன்னு நின்னுட்டா?

அப்புறம் ஸ்பீக்கரைக் கழட்டிப் பார்த்தார். உள்ள கூம்பு மாதிரி இருக்கற பேப்பர் கிழிஞ்சிருந்துச்சு. நோட்டுத் தாளைப் பசை வச்சு ஒட்டினார். கீச், கீச்.

"காக்காவாப்பா?"

அப்புறம் அதையே ஒரு மண்பானை வாயில வச்சு மாட்டினார். கும், கும்.

"யாருப்பா இந்த மாமா?"

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்புறம் பழைய இரும்புக் கடையில ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி, முன் கதவு ரெண்டுலயும் ஓட்டை போட்டு மாட்டினார். அவசரத்துல ஒரு பக்கம் ப்ளஸ், மைனஸ் வயரை மாத்திக் கோத்துட்டார். அவருக்கே தெரியாது. கேசட்டைப் போட்டார், டக். குரல் மெலிசா வந்துச்சு, பாதி வார்த்தை புரியல. ஆனா எங்கேருந்து வருதுன்னே தெரியல, கார் பூரா இருந்துச்சு. செல்சியா மெதுவா பின்னாடி திரும்புச்சு. செருப்பைக் கழட்டிட்டு பின் சீட்டுக்குத் தாவி, ஓரமா உக்காந்து, பக்கத்துல இடம் விட்டுச்சு.

"அம்மா இங்கதாம்ப்பா இருக்காங்க."

ம்.

பாதி புரியலையேன்னு ரொசாரியோ காரை ஸ்பீக்கர் ரிப்பேர் கடைக்கு ஓட்டிட்டுப் போனார். கடைக்கார பிலோமினா அக்கா கேட்டுட்டுச் சிரிச்சாங்க. "ஏன் ரொசாரியோ, ஒரு ஸ்பீக்கர் காத்தை முன்னாடி தள்ளுது, ஒண்ணு பின்னாடி இழுக்குது. குரல் எங்கய்யா நிக்கும்?" வயரை மாத்தித் தொட்டுக் காமிச்சாங்க. பட். குரல் வந்து டேஷ்போர்டு நடுவுல உக்காந்துச்சு. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு. "சாப்டியாடி செல்லம்"னு கேக்கறது கூட.

செல்சியா அந்த டேஷ்போர்டைப் பார்த்துச்சு. அப்புறம் பக்கத்து இடத்தைத் தடவிப் பார்த்துச்சு.

"எங்கப்பா போயிட்டாங்க?"

ரொசாரியோ திரும்பி, மக விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். அக்கா தொட்டுக் காமிச்ச வயரைப் பழையபடியே விட்டுட்டாங்க. "வீட்டுக்குப் போயி இதே மாதிரி மாத்தி முறுக்கி, டேப் சுத்திடு. மறந்துடாத."

"சரிக்கா."

அந்த அம்மா வந்தாங்களாண்ணா?

இல்ல பாப்பா. வந்தாங்கன்னு பொய் சொல்ல எனக்கு வராது. வரல இன்னும். கதை தீர்ந்துச்சு, கண்ணை மூடு.

அந்த வயரு?

மாத்தச் சொன்னாங்க. அவர் மாத்தல.