நாரையார் அளந்த பள்ளிப் பற்று

அல்லிக்குளக் கரையில் நாரையார் ஒரு பள்ளி நடத்திவந்தார். பதினொரு தவளைப் பிள்ளைகளும் கல்லோடன் என்னும் ஆமையும் அங்கே பயின்றனர். தவளையைத் தீண்டுவதில்லை என்று குளத்து நீரைத் தொட்டு ஆணையிட்ட பிறகே நாரையார் ஆசிரியரானார். அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

"பள்ளியை விரும்புகிறவனே நன்றாகப் படிப்பான்" என்பது அவருடைய துணிபு. ஆகவே தேர்வுக்கு முன்பே விருப்பத்தை அளந்துவிட எண்ணினார்.

"ஆளுக்கு ஐந்து இலந்தைக்கொட்டை தருகிறேன். பள்ளியை விரும்பும் அளவுக்கு இந்தச் சுரைக்குடுக்கையில் போடுங்கள். விருப்பம் குறைந்தவனுக்கு இங்கே இடமில்லை!" என்று கூறி, குடுக்கையின் பக்கத்திலேயே அலகை நீட்டிக்கொண்டு நின்றார்.

தவளைகள் அனைவரும் ஐந்தையும் போட்டனர். கல்லோடன் இரண்டே போட்டான்.

"அடேய், மீதியையும் போட்டுத் தொலை!" என்று சேற்றன் என்னும் தவளை கிசுகிசுத்தான்.

"இல்லாத விருப்பத்தை எப்படியடா போடுவேன்?"

நாரையாரின் முகம் சுண்டிவிட்டது. "தேர்வு முடியட்டும். உன் பெயரை நீக்கிவிடுகிறேன்!"

பாடம் கல்லோடனுக்குக் கரும்பு. ஆனால் விடியற்குளிரில் உடல் மரத்துப்போகும். வெயில் ஏறிய பிறகே கால் நகரும். தாமதமாக வந்ததற்காக, நாள்தோறும் பள்ளி வேலிக்கு வெளியே நிறுத்தப்படுவதுதான் வேம்பு.

தேர்வு வந்தது. தவளைகள் திருதிருவென விழித்தனர். கல்லோடன் எல்லா வினாக்களுக்கும் விடை சொன்னான்.

"ஐந்து போட்டவர்கள் விழிக்கிறீர்கள்! இரண்டு போட்டவன் வெளுத்து வாங்குகிறான்! என் அளவையில் என்ன பிழை?" என்று நாரையார் திகைத்தார்.

கல்லோடன் தலையைப் பாதி உள்ளிழுத்துக்கொண்டான். "ஐயா, எனக்கு ஓடு இருக்கிறது. உண்மையைப் போட்டேன். இவர்களின் கண்ணெல்லாம் உங்கள் அலகின்மேல்! பாடம் எப்படிக் காதில் ஏறும்?"

"நான்தான் ஆணையிட்டிருக்கிறேனே!"

"அது எங்கள் அறிவுக்குத் தெரியும், ஐயா. நடுங்கும் தொடைக்குத் தெரியவில்லையே!" என்றான் சேற்றன்.

நாரையார் அலகைத் தாழ்த்தினார். "கல்லோடா, உனக்கு ஏன் இரண்டு?" என்று முதன்முறையாகக் கேட்டார். அவன் விடியற்குளிரையும் வேலியையும் சொன்னான்.

நாரையார் மீண்டும் ஆளுக்கு ஐந்து கொட்டை கொடுத்து, குடுக்கையைத் தாழம்புதருக்குப் பின்னே வைத்துவிட்டு, அக்கரைக்குப் பறந்துபோனார். மாலையில் திறந்து பார்த்தார். அறுபதுக்குப் பத்தொன்பதே இருந்தன.

"இன்றுதான் சரியாக அளந்தேன்! கல்லோடன் பெயர் அப்படியே இருக்கட்டும். நாளை முதல் வெயில் ஏறிய பின்பு பள்ளி. நான் அக்கரையிலிருந்தே உரக்கப் பாடம் சொல்வேன்!" என்றார்.

பிள்ளைகளின் விருப்பத்தை அளக்க முனைவோர், முதலில் அவர்களின் அச்சத்தை நீக்கிக் காரணத்தைக் கேட்க வேண்டும்.