பொட்டலத்தின் மேல்

அரசாங்கக் கஞ்சாக் கடையில் பொட்டலத்தை வாங்கிய பண்டாரம், அதன் மேல் அச்சிட்டிருந்த மண்டையோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அது எச்சரிக்கை, ஐயா," என்றார் பக்கத்தில் நின்ற பூவராகன்.

"சுடலையாண்டி கையில் இருப்பதுதானே? கடைக்காரரே, இன்னொன்று கொடும். பூசையில் வைக்கலாம்."

பூவராகன் மடத்துக்குத் திரும்பினார். துறவுக்கு முன் விளம்பரப் பலகை எழுதியவர். கஞ்சாப் பொட்டலத்துக்கு எச்சரிக்கை வரைந்து தரும்படி அரசாங்கம் மடத்தைக் கேட்டபோது, வேலை அவரிடம் வந்தது.

குரு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பூவராகனைவிட வயதில் இளையவர்.

"முதலில் 'உயிருக்குக் கேடு' என்று எழுதினேன், சுவாமி. எதுதான் கேடில்லை என்று சிரித்தார்கள். மண்டையோடு வரைந்தேன். கும்பிடுகிறார்கள்."

"நன்றாக வரைந்திருப்பீர்."

"கிண்டல் செய்யாதீர்கள். களைத்துவிட்டேன்."

"அரசாங்க வேலைக்கு இவ்வளவு களைப்பா?"

"என் தம்பிக்காகவும்தான்."

தம்பி சாரங்கன் முற்றத்தில் பாய் மேல் உட்கார்ந்திருந்தான். சற்று முன்புதான் அம்மா அவனைக் கொண்டுவந்து மடத்து வாசலில் பூவராகனிடம் விட்டுப் போயிருந்தாள்.

"அவனுக்கு என்ன?"

"கஞ்சா புகைத்துப் புகைத்துப் புத்தி பேதலித்துவிட்டது."

"பலகையில் எழுதுகிற மாதிரி சொல்கிறீர். என்ன நடந்தது?"

பூவராகன் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில் அம்மா சோறு போட்டிருக்கிறாள். நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான். கை கழுவிவிட்டு, நீங்கள் யார் வீட்டம்மா என்று கேட்டிருக்கிறான்."

குரு அரிவாள்மணையை மடக்கினார். எழுந்து போய், ஒன்றும் அச்சிடாத ஒரு பொட்டலத் தாளை எடுத்துவந்து அவர் முன் வைத்தார்.

"எழுதும்."

"எதை?"

"இப்போது சொன்னதை."

பூவராகன் எழுதினார். அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்து, நீங்கள் யார் என்று அவளையே கேட்டான்.

"மண்டையோடு வேண்டாமா?"

"வேண்டாம்."

பூவராகன் மை உலரும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைப் படித்தால் சாரங்கன் விட்டுவிடுவானா?"

"மாட்டான்."

"பிறகு இது யாருக்கு?"

"இன்னும் ஒரு பொட்டலமும் பிரிக்காதவனுக்கு."

"அப்படியானால் என் தம்பிக்கு?"

"அவனுக்கு எழுத்து போதாது. நீரே பக்கத்தில் வேண்டும்."

பூவராகன் முற்றத்துக்குப் போனார். வெயில் சாரங்கனின் முழங்கால்வரை ஏறியிருந்தது. குனிந்து பாயின் நுனியைப் பிடித்து, அவனோடு சேர்த்து நிழலுக்கு இழுத்தார்.