குயில் இறங்கிவிட்டது

சிரிக்க வைக்கிறேன். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

எங்கள் விமானக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கூடத்தில் விமானமே கிடையாது. திரைகள்தான். ஜன்னல் மாதிரியான பெரிய திரையில் ரன்வே தெரியும். மேசைத் திரையில் விமானங்கள் தாமே ஒலிபரப்பும் இடங்கள் பச்சைப் புள்ளிகளாக ஊரும்; பக்கத்தில் தனியாக ரேடார் திரை. விமானிகளின் குரல் எல்லாம் நான்தான். பதினேழு வயது, ஒரே தொண்டை, முப்பது கேப்டன்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மைக்கோடு உட்கார்ந்திருப்பேன்.

அன்று சூசை அண்ணனுக்குக் கடைசித் தேர்வு. தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உட்காரும் முன், தேர்வு நடத்தும் வாசுகி மேடத்திடம் கேட்டார்.

"இப்பல்லாம் விமானமே 'நான் இன்னார், இங்க இருக்கேன்'னு நொடிக்கு நொடி ஒலிபரப்பிக்கிட்டு வருதே மேடம். அப்புறம் எதுக்கு ரேடாரைப் பாரு, ஜன்னலைப் பாருன்னு உசுரை வாங்குறீங்க?"

"உட்காரு, சூசை."

மேடம் என் பக்கம் வந்தார். காதோடு சொன்னார்.

"ஒலிபரப்பு மட்டும் அனுப்பு. விமானம் வேண்டாம்."

எனக்குக் குஷி தாங்கவில்லை. ஒரு புள்ளிக்குக் குயில் என்று பேர் வைத்தேன். பாலக்காட்டு கேப்டனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"குயில் பேசுது. இறங்கட்டே, சாரே?"

"இறங்குங்க, குயில்."

புள்ளி ரன்வேயில் வந்து நின்றது.

"இறங்கியாச்சு, சாரே." கூடவே ஓர் இருமல். இரும வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை.

"ரன்வேயை விட்டு விலகுங்க."

"சக்கரம் சிக்கிப் போச்சு, சாரே. நகராது."

சூசை அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். வெயிலில் ரன்வே வெறுமையாகக் கிடந்தது. ரேடாரைப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை. மேசைத் திரையில் பச்சைப் புள்ளி.

"மேடம், ஜன்னல் ரிப்பேர். ரேடாரும்."

இங்கேயே சிரித்திருக்கலாம். இன்னும் இல்லை.

அடுத்து, களைத்துப்போன ஒரு பெண் கேப்டனின் குரல். அதுவும் நான்தான்.

"டவர், இது பருந்து. எரிபொருள் தீருது. ஒரு தடவைதான் முயற்சி பண்ண முடியும். இறங்கட்டுமா?"

"காத்திருங்க, பருந்து. ரன்வேல குயில் நிக்குது."

"காத்திருக்க முடியாது. வந்துக்கிட்டிருக்கேன்."

மேடம் என்னைப் பார்த்து விரலை உயர்த்தினார்.

"வர வேண்டான்னு சொல்லு, சாரே! உள்ளே குழந்தைங்க உண்டு! சாரே!"

என் தொண்டையிலிருந்துதான் வந்தது. குயிலுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று நானும் ஜன்னலைப் பார்த்தேன்.

சூசை அண்ணனின் விரல் மைக் பொத்தானுக்குப் போனது. பருந்தை மறுபடி மேலே துரத்தப் போகிறார்.

"சூசை," என்றார் மேடம். "குயில் அங்க நிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"என்ன மேடம் இந்த நேரத்துல... குயில்தான் சொல்..."

விரல் அந்தரத்தில் நின்றது.

ஜன்னலைப் பார்த்தார். பிறகு, மெதுவாக, கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். மைக் என் உதட்டில் இருந்தது. கத்திய வாயை நான் இன்னும் மூடவில்லை.

சிரிப்பு இங்கேதான் வர வேண்டும்.

"பருந்து கேட்டுக்கிட்டு இருக்கு," என்றார் மேடம். "பதில் சொல்லு."