சுருட்டிய சாலைகள்

முன்னொரு காலம். எப்போது என்று கேட்க வேண்டாம். அப்போது மலைகள் கொஞ்சம் நகர்ந்துகொண்டிருந்தன. பவழமாபுரி என்று ஒரு சந்தை நகரம். கிழக்கே ஒரு சாலை, தெற்கே ஒரு சாலை, மேற்கே ஒரு சாலை. வடக்கே மலை.

அந்த மலையில் படுக்க வந்தான் ஒரு மாயாவி. பெயர் கொட்டாவியான். பனைமர உயரம். வண்டிச் சத்தத்தில் அவனுக்குத் தூக்கம் கெட்டது. எழுந்து வந்தான். மூன்று சாலைகளையும் பாய் மாதிரி சுருட்டினான். தலைக்கு வைத்துப் படுத்துவிட்டான்.

அன்று முதல் ஊரை விட்டுப் போகலாம், திரும்ப முடியாது. வெளியே போனவர்கள் ஊரை நோக்கி எத்தனை நடந்தாலும் நடக்கத் தொடங்கிய இடத்திலேயே நின்றார்கள். சந்தை காய்ந்தது. பண்டகசாலைக் கூரைகள் இடிந்தன.

ராஜா படை அனுப்பினார். ஒரு கொட்டாவி, படை பறந்தது. தங்கம் அனுப்பினார். முதுகில் குத்துகிறது என்று தள்ளிவிட்டான். நேரில் போய்க் காலில் விழுந்தார். குறட்டைதான் பதில்.

"பௌர்ணமிக்குள் எல்லோரும் கிளம்புங்கள்" என்று தண்டோரா போட்டார் ராஜா.

கிளம்ப மாட்டேன் என்றாள் ஒருத்தி. கூத்தில் கோமாளி கட்டும் செங்கமலம். அவள் புருஷன் மாசிலாமணி மத்தளத்துக்குத் தோல் வாங்கப் போனவன். போய்ப் பதினொரு மாதம்.

"அவர் வந்து கதவைத் தட்டினா யார் திறக்கிறது, மகாராஜா?"

"என்ன செய்யப் போகிறாய்?"

"கூத்துக் கட்டப் போறேன்."

மந்திரி சிரித்தார். "ஊரே காலி. கூத்து ஒரு கேடா?"

செங்கமலம் துடைப்பத்தை எடுத்தாள். இடிந்த பண்டகசாலையைப் பெருக்கினாள்.

மறுநாள் மத்தியானம் கூத்து. பார்க்கப் பதினேழு பேர். கூரை ஓட்டை வழியாக வெயில் தூண் மாதிரி இறங்கி ராணி வேஷக்காரியின் கிரீடத்தில் விழுந்தது. பதினேழு பேரும் மூச்சு விடவில்லை. ராணி முன்னால் வண்டி அளவு ஒரு பெட்டி. திறக்கக் கை வைத்தாள்.

"மீதி நாளைக்கு" என்றாள் செங்கமலம்.

மலை ஆடியது. கொட்டாவியான் எழுந்து உட்கார்ந்து, கூரை ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டியில என்ன?"

"மத்தளம் இல்லாம ராணி திறக்க மாட்டா, ஐயா. கிழக்குச் சாலையை விரிங்க. ஆள் வரட்டும்."

அவன் முனகிக்கொண்டே விரித்தான். வானவில் உருண்டு விரிவது போல விரிந்தது அது. மத்தளக்காரன் ஒருவன் வந்தான்; மாசிலாமணி இல்லை. கூத்துப் பார்க்க நானூறு பேர் வந்தார்கள். வந்தவர்களுக்குப் பசித்தது. இட்லிக்காரி அடுப்பு மூட்டினாள்.

இரண்டாம் நாளும் ராணி பெட்டியில் கை வைத்தாள். மீதி நாளைக்கு.

"என்னதான் இருக்கு அதுல?"

"கிரீடம் உளுத்துப்போச்சு, ஐயா. புதுசு செய்யற தச்சர் தெற்கே இருக்கார்."

தெற்குச் சாலை விரிந்தது. தச்சர் வந்தார். பின்னாலேயே துணிக்காரர், இலவம்பஞ்சு மூட்டைக்காரர். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. இடிந்த கூரைகளில் ஓடு ஏறியது. சுவர்களில் சுண்ணாம்பு ஏறியது. மந்திரி வாய் பிளந்து தெருவில் நின்றார்.

"ஓரமா நில்லுங்க சாமி, வண்டி வருது" என்றாள் இட்லிக்காரி.

மூன்றாம் நாள் செங்கமலம் தானே மலைக்குப் போனாள். "சிரிக்க ஆள் பத்தலை, ஐயா."

மேற்குச் சாலையும் விரிந்தது. ஆயிரம் ஆயிரமாய் ஜனம். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மாசிலாமணி இல்லை.

ராணி பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு தலையணை.

ஊர் சிரித்தது. கொட்டாவியான் சிரிக்கவில்லை. "இதுக்கா மூணு நாள்?" எழுந்தான். குனிந்தான். கிழக்குச் சாலையின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டப் பார்த்தான்.

முடியவில்லை. சாலை முழுக்க வண்டி, மாடு, கூடைக்காரிகள். தெற்கைப் பிடித்தான். அதிலும் அப்படி. மேற்கைப் பிடித்தான். அதிலும் அப்படி. ஆள் உட்கார்ந்திருக்கிற பாயை யாரால் சுருட்ட முடியும்? பனைமர உயரம் வியர்த்துப்போய் உட்கார்ந்தது.

"இப்ப நான் எதுல தலை வைக்கிறது?"

"அதுக்குத்தான் ஐயா இது" என்றாள் செங்கமலம். "நேத்து ராத்திரி முழுக்க ஊரே சேர்ந்து தைச்சது. சுத்தமான இலவம்பஞ்சு."

தலையணையைத் தட்டிப் பார்த்தான். தலை வைத்தான். அப்படியே தூங்கிவிட்டான். அந்தக் கணத்தில் பதினொரு மாதமாக ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் பாதை நேராயிற்று.

ராஜா தண்டோராவைத் திரும்பப் பெற்றார். பண்டகசாலையைக் கூத்துக்கென்றே எழுதிக் கொடுத்தார். செங்கமலம் வீட்டுக்குப் போய் அரிதாரத்தைக் கழுவினாள். பாதி முகம்தான் கழுவியிருந்தாள். கதவு தட்டும் சத்தம்.

திறந்தாள். தோளில் தோலைப் போட்டுக்கொண்டு மாசிலாமணி.

"நேரத்துக்கே வந்துட்டேன் செங்கமலம்" என்றான். "கூட்டத்துல நகரத்தான் முடியலை."

அவ்வளவுதான். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். அந்த மூன்று சாலைகளின் ஓரமும் இன்றைக்கும் லேசாகச் சுருண்டுதான் கிடக்கிறது.